துறை மாறுதலும் துறைபோதலும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன்)

துறை என்னும் சொல் தமிழிற் பல பொருள்களை உடையது. நீரில் இறங்குமிடம் துறை. மரக்கலம் வந்து தங்குமிடம் துறை. கல்வியின் ஒரு கூறும் துறை. அகமும் புறமும் பாடிய புலவர்தம் பாட்டுக்களின் உட்பிரிவும் துறையே. ஒரு கலையைக் கரைகாணக் கற்றலை நம் முன்னோர் ‘துறைபோதல்’ என்று வழங்கினர். இறங்குமிடத்தில் நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருத்தல் துறைபோதல் ஆகாது. இறங்கி, நீந்தி, அதன் எல்லை காணுதலே துறைபோதலாம்.

இக்கட்டுரை புதியதொரு துறையைப் பற்றியது. வேறு தொழிலில் இருக்கும் ஒருவர், கணினி வலையமைப்புகளைக் காக்கும் தொழிலுக்கு, அதாவது நெட்வொர்க் பாதுகாப்புக்கு, மாற விரும்பினால், எந்தச் சான்றிதழை முதலிற் பெறுவது, எதனைப் பின்னர்ப் பெறுவது, எதனைப் பெறாதே விடுவது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம். தொல்காப்பியமும் நன்னூலும் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். அதற்குரிய விடை என் இல்லத்தில் உள்ளது.

என் பாட்டனார் முத்துக்குளித்தவர். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் நடந்த சலாபங்களில் அவர் இளைஞராய் இறங்கினார். 1961-ஆம் ஆண்டிற்குப் பின் நம் கரையிற் பெருஞ் சலாபம் நடைபெறவில்லை. அவர் சில காலம் சங்கு குளித்தார். பின்னர்த் துறைமுகக் கூலியானார். 1974-ஆம் ஆண்டில் புதிய பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னாளில் என் தந்தையார் அங்குச் சரக்கேற்றும் வேலையில் அமர்ந்தார். என் தமையனாரோ ஒரு கண்டெய்னர் கிடங்கின் வாயிலில் எழுத்தராக இருக்கிறார். லாரி வந்து நிற்கும்போது, அதன்மீதுள்ள பெட்டகத்தின் எண்ணையும் முத்திரையின் எண்ணையும் சரிபார்த்துக் குறிப்பது அவர் தொழில். இப்பொழுது அவ்வெண்களைக் கேமராவே படித்துக்கொள்ளுகின்றது. எட்டாண்டு செய்த வேலை இன்னும் எத்துணை ஆண்டு நிலைக்கும் என்னும் கவலை, முப்பத்தொரு வயதில் அவர் உள்ளத்திற் புகுந்தது. மூன்று தலைமுறையாகத் துறை மாறி வந்த குடும்பத்தில் நான்காவது மாற்றம் தொடங்கிய வரலாறு இதுவே.

தமையனார் பள்ளி முழுதும் தமிழ்வழியே பயின்றவர். அவர் எடுத்துக்கொண்ட நூல்களோ ஆங்கிலத்தில் உள்ளன. பரீட்சைகளும் தமிழில் இல்லை. ஆதலின் அவர் வேலை முடிந்து வந்தபின், இரவுதோறும் யான் ஒரு பகுதியைப் படித்துத் தமிழிற் கூற, அவர் கேட்டுக் குறிப்பெழுதுவார். அங்ஙனம் சொல்லிச் சொல்லியே யான் கற்றவை இவை. பிழை உளவேல் அவை என்னுடையன.

1. துறைமுகமும் வலையமைப்பும்

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்லும் செய்தி ஒரே தொகுதியாகச் செல்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்பும் இடத்தின் முகவரியும் சேரும் இடத்தின் முகவரியும் பொறிக்கப்பட்டுச் செல்லுகின்றது. இப்பொதிக்குப் பாக்கெட் என்று பெயர். பொதி எவ்வழியே செல்லவேண்டும் என்று முடிவுசெய்து அனுப்பும் கருவி ரவுட்டர். ஒரு கணினியை அடைந்த பொதி உட்புகும் வாயில்களுக்குப் ‘போர்ட்’ என்பதே பெயராய் அமைந்திருத்தல் நம் ஊரார்க்கு வியப்பளிக்கும். இவ்வாயில்கள் 0 முதல் 65,535 வரை எண்ணிடப்பட்டவை. மறைகுறியில் வரும் இணையப் பக்கங்கள் வழக்கமாக 443-ஆம் வாயிலையும், கணினிகளின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் வினாக்கள் 53-ஆம் வாயிலையும் நாடும். எவ்வாயிலைத் திறப்பது, எதனை அடைப்பது, எவ்விடத்திலிருந்து வரும் பொதியை உள்ளே விடுவது என்று விதிகளை வகுத்துக்கொண்டு நிற்கும் காவற்கருவி ஃபயர்வால் எனப்படும்.

இப்பகுதியை யான் படித்துக் கூறிய இரவில் என் தமையனார், “தம்பி, இது நம் கேட் வேலைதானே!” என்றார். உண்மையில் அவர் நினைத்ததைக் காட்டிலும் அவருக்கு மிகுதியாகவே தெரிந்திருந்தது. கண்டெய்னர் ஒன்றின் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் உடையது. ஏழாவது இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே அமைந்தது; முன்னுள்ள எழுத்துக்களையும் இலக்கங்களையும் ஒரு வாய்பாட்டின்படி கணக்கிட்டால் அது கிடைக்கும். எழுதுவோர் ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினால், கடைசி இலக்கம் பெரும்பாலும் ஒவ்வாமற்போய்ப் பிழை வெளிப்படும். பொதிகளிலும் இத்தகைய சரிபார்ப்பெண் உண்டு.

எனினும் ஒன்று கருதத்தக்கது. இவ்வெண் தற்செயலாய் நேரும் பிழையை மட்டுமே காட்டும். வேண்டுமென்றே மாற்றுகின்றவன் கடைசி இலக்கத்தையும் கணக்கிட்டு மாற்றிவிடுவான். அது கருதியன்றோ பெட்டகத்தின் கதவிற்கு எண்ணிட்ட முத்திரையும் பூட்டப்படுகின்றது? வலையமைப்பில் அம்முத்திரையின் தொழிலைச் செய்வது, இரகசியச் சாவியைக் கொண்டு இடப்படும் மின்கையொப்பம். தவறுதல் வேறு, வஞ்சனை வேறு என்னும் இவ்வேறுபாட்டை உணர்ந்தவன் பாதுகாப்புக் கலையின் முதற்படியில் கால் வைத்தவனாவான்.

இக்கலையின் நோக்கங்கள் மூன்று: உரியவரன்றிப் பிறர் காணாமை, இடையில் மாற்றப்படாமை, வேண்டும்போது தடையின்றிக் கிடைத்தல். பெட்டகத்தினுள் இருப்பதைப் பிறர் அறியலாகாது, முத்திரை உடையலாகாது, கப்பல் வந்த நாளில் வாயில் பூட்டிக் கிடக்கலாகாது. கற்கவேண்டியவை யாவும் இம்மூன்றின் விரிவே எனலாம்.

2. காவல் தவறின் நேர்வது

இத்தொழிலின் இன்றியமையாமையை இரண்டு நிகழ்ச்சிகளால் விளக்குவாம்.

2017-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், உக்ரைன் நாட்டிற் கணக்கு எழுதுவதற்குப் பலரும் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக ‘நாட்பெட்யா’ என்னும் நச்சு நிரல் வெளிப்பட்டது. சில மணி நேரத்தில் அது பல நாடுகளிற் பரவியது. டென்மார்க்கைச் சேர்ந்த மேர்ஸ்க் என்னும் பெருங் கப்பற் கம்பெனியின் கணினிகள் செயலற்றன. மும்பைக்கு அருகில் உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமத்தைச் சேர்ந்த முனையமும் இடர்ப்பட்டது. லாரிகள் வரிசையாய் நிற்க, எந்தப் பெட்டகம் எங்குள்ளது, எக்கப்பலுக்குரியது என்று சொல்லும் கணினி வாயடைத்துப்போயிற்று. ஏறத்தாழப் பத்து நாட்களில் 4,000 செர்வர்களையும் 45,000 கணினிகளையும் அக்கம்பெனியார் புதிதாக நிறுவவேண்டியதாயிற்று. நஷ்டம் 20 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று அவர்களே மதிப்பிட்டனர். அந்நிரல் பரவுவதற்குக் கைக்கொண்ட வழிகளுள் ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் கம்பெனி அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதில் வேறொரு செய்தியும் உண்டு. கம்பெனியின் பயனர்களையும் அவர்தம் உரிமைகளையும் பதிந்து வைத்திருந்த முதன்மைச் செர்வர்கள் எல்லாம் ஒருங்கே அழிந்தன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும், அந்நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டிருந்தமையால் வலையமைப்பினின்றும் விலகி நின்று தப்பியது. அதனைக் கொண்டே எஞ்சியவற்றை மீட்டனர். இஃது அறிவால் நேர்ந்ததன்று, தற்செயலால் நேர்ந்தது. வலையமைப்போடு தொடர்பற்ற இடத்தில் ஒரு காப்புப்படி வைத்தல் வேண்டும் என்பதை முன்னரே கருதிச் செய்பவரே பாதுகாப்புத் தொழிலர்.

இரண்டாவது நிகழ்ச்சி நம் கரைக்கு அணித்தே நேர்ந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கென இணையத்தோடு தொடர்புற்றிருந்த வலையமைப்பில், ஒரு பயனரின் கணினியில் நச்சு நிரல் காணப்பட்டது. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவினர் 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் இதனைத் தெரிவித்தனர் என்றும், உலையை இயக்கும் உள்வலையமைப்பு தனித்துப் பிரிக்கப்பட்டிருந்தமையால் அதற்குப் பழுது நேரவில்லை என்றும் இந்திய அணுமின் கழகத்தார் அக்டோபர் 30-ஆம் நாள் அறிவித்தனர். வாயில்களைப் பிரித்து வைத்தலின் பயன் இதனால் விளங்கும்.

இத்தகைய நிகழ்ச்சிகளின் பயனாகச் சட்டங்களும் கடுமையாயின. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் செய்த தீர்மானத்தால், 2021-ஆம் ஆண்டு முதல் கப்பற் கம்பெனிகள் தம் பாதுகாப்பு ஏற்பாட்டிற் கணினி அபாயங்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டியதாயிற்று. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் பிறந்த ஆணை, வரையறுத்த கணினித் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும் என்றும், கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் காத்து வைக்கவேண்டும் என்றும் விதித்தது. பதிவேடு இருந்தாற் போதுமோ? அதனைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டுமன்றோ? அவ்வாளாக ஆதலே நாம் கருதும் தொழில் மாற்றம்.

3. பார் பார்த்தல்

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர். என் பாட்டனார் காலத்தில், சலாபம் அறிவிக்குமுன் மீன்துறையினர் பாருக்குச் சென்று சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அவை முதிர்ந்தனவா, முத்து உள்ளதா, இருப்பின் என்ன விலை பெறும் என்று மதிப்பிடுவர். பயனுண்டு என்று தெளிந்த பின்னரே நாள் குறிப்பர். பாராது இறங்கினால், உழைப்பும் போம். முதிராத சிப்பியும் வீணாம்.

சான்றிதழ் தேடுவோர் செய்யும் பெரும்பிழை, பார் பார்க்காமல் இறங்குவதேயாகும். முதலிற் செய்யத்தக்கது பரீட்சைக்குப் பணங் கட்டுதல் அன்று. தாம் விரும்பும் ஊரில், தாம் விரும்பும் வேலைக்கு வெளிவந்த விளம்பரங்களில் முப்பதேனும் திரட்டுதல். ஒவ்வொன்றிலும் கேட்கப்பட்ட அறிவு யாது, சான்றிதழ் யாது, எத்தனை ஆண்டு அனுபவம் என்று மூன்று பத்தியாக எழுதுக. பன்முறை வருவது எது என்று அப்பட்டியலே கூறிவிடும். என் தமையனார் சென்னை, பெங்களூர், கொச்சி ஆகிய ஊர்களின் விளம்பரங்களைத் திரட்டியபோது, சான்றிதழ்களின் பெயர்கள் பலவாறு வேறுபட்டன; ஆயினும் வலையமைப்பின் அடிப்படையறிவைக் கேளாத விளம்பரம் அரிதாயிருந்தது.

இத்துறையின் வேலைகளைப் பொதுவாக நான்கு வகையாகக் கொள்ளலாம். ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் ஆகியவற்றை நிறுவிக் காப்பது ஒன்று. இரவும் பகலும் முறைவைத்துப் பதிவேடுகளைக் கண்காணித்து, ஐயத்திற்கிடமான நிகழ்ச்சிகளை ஆராய்வது மற்றொன்று. உரியவரின் எழுத்துவழி அனுமதி பெற்று, பகைவன் புகுவதுபோலப் புகுந்து குறைகளைக் கண்டு கூறுவது மூன்றாவது. விதிகளும் கணக்குகளும் ஒழுங்காகக் கைக்கொள்ளப்படுகின்றனவா என்று தணிக்கை செய்வது நான்காவது. மூன்றாவது வகை இளைஞர் உள்ளத்தை மிகக் கவரும். ஆனால் புதியோர்க்கு எளிதிற் கிட்டாதது. மின்தொழில் அறிந்தவர்க்கு முதல் வகையும், கணக்காளராயிருந்தவர்க்கு நான்காம் வகையும் அணித்தாகும். இராவேலை பழகி, பதிவேட்டில் ஒவ்வாத எண்ணைக் கண்டதும் கண் நிற்கும் வழக்கமுடைய வாயில் எழுத்தர்க்கு இரண்டாம் வகை பொருந்தும். பழைய தொழிலைக் கழித்துவிட்டுப் புதிய தொழில் தொடங்குகின்றோம் என்று எண்ணுதல் தவறு. பழைய தொழிலின் எப்பகுதி புதியதிற் பயன்படும் என்று காண்டலே திட்டத்தின் வேர்.

4. படிமுறை

இனிச் சான்றிதழ்களை அவற்றின் ஒழுங்கிற் காண்போம்.

முதற்படி வலையமைப்பு. இதற்குச் சிஸ்கோ கம்பெனியாரின் சி.சி.என்.ஏ. உண்டு, காம்ப்டியா என்னும் நிறுவனத்தாரின் நெட்வொர்க் பிளஸ் உண்டு. இரண்டில் ஒன்று போதும். பின்னது எக்கம்பெனியின் கருவியையும் சாராத பொதுவறிவைச் சோதிப்பது. முன்னது சற்றுக் கடினமானது. கருவியைக் கையாளும் திறத்தையும் நாடுவது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் சி.சி.என்.ஏ. 120 நிமிடம் நடக்கும் ஒரே பரீட்சையாயிற்று. இதனை எழுதுவதற்கு முன்தகுதி யாதும் விதிக்கப்படவில்லை. பாதுகாப்புப் பரீட்சையையே முதலில் எழுதினால் என்ன என்று கேட்பவர் உளர். பொதி எவ்வழிச் செல்கின்றது என்றறியாதவன், அது வழி தவறியதை எங்ஙனம் அறிவான்?

இரண்டாம்படி பாதுகாப்பின் அடிப்படை. காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் இதற்குப் பலரும் கொள்ளும் பரீட்சை. 90 நிமிடத்தில் 90 வினாக்கள் வரை கேட்கப்படும். 100 முதல் 900 வரையுள்ள அளவில் 750 பெறவேண்டும். இப்பரீட்சையின் பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படும். 2023-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு புதிய பதிப்பு வந்து, முந்தைய பதிப்பு 2024-ஆம் ஆண்டு ஜூலையுடன் நிறுத்தப்பட்டது. ஆதலாற் பழைய புத்தகத்தை மலிவென்று வாங்குமுன், பரீட்சையின் எண்ணை ஒத்துப் பார்த்தல் வேண்டும். இதற்கெனத் தமையனார் வாங்கிய முதற் புத்தகம் இப்பொழுது எங்கள் வீட்டிற் பாத்திரத்திற்கு அடியாய் உதவுகின்றது.

மூன்றாம்படி தாம் தேர்ந்த வகைக்கேற்ப வேறுபடும். வேலையில் அமர்ந்த பின்னரே அதனை ஏறுதல் நன்று. ஊடுருவிச் சோதிக்க விரும்புவோர்க்கு ஆஃப்செக் கம்பெனியாரின் ஓ.எஸ்.சி.பி. உண்டு. அதில் 23 மணி 45 நிமிட நேரம் உண்மையாகவே கணினிகளைத் தாக்கிப் பார்த்து, அதன்பின் 24 மணி நேரத்திற்குள் அறிக்கை எழுதி அனுப்பவேண்டும். ஈ.சி. கவுன்சில் நடத்தும் சி.இ.எச். பரீட்சை நம் நாட்டு விளம்பரங்களில் அடிக்கடி காணப்படுவது. நான்கு மணி நேரத்தில் 125 வினாக்களுக்கு விடை தேர்ந்தெடுப்பது. தணிக்கைத் துறைக்கு ஐசாகா சங்கத்தாரின் சிசா சிறந்தது.

இவற்றிற்கெல்லாம் மேலாகப் பேசப்படுவது 1994-ஆம் ஆண்டு முதல் வழங்கும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. இதனைப் புதியோர்க்கு உரியதென்று கூறி விற்பவர் உளர், அது பொருந்தாது. பாதுகாப்புத் துறையின் எட்டுப் பிரிவுகளில் இரண்டிலேனும் ஐந்தாண்டு ஊதியம் பெற்று உழைத்தவர்க்கே அச்சான்றிதழ் கிடைக்கும். உரிய பட்டம் உடையார்க்கு ஓராண்டு கழிக்கப்படலாம். அனுபவமின்றிப் பரீட்சையில் மட்டும் தேறியவர் ‘அசோசியேட்’ என்னும் பெயருடன் நின்று, ஆறாண்டிற்குள் அவ்வனுபவத்தை ஈட்டவேண்டும். நம் கரையிற் கப்பலுக்குச் செல்லும் இளைஞர் பலர். அவர்க்கு இது புதிதன்று. பரீட்சையில் எத்துணை மதிப்பெண் பெற்றாலும், கடலிற் பணிசெய்த காலம் நிரம்பாதவர் கையில் மாலுமிச் சான்றிதழ் தரப்படுவதில்லை.

5. பொருளும் காலமும்

என் தமையனார் முதலில் ஒரு பெருநகரத்தில் உள்ள பயிற்சி நிலையத்திற்கு 60,000 ரூபாய் கட்டினார். ‘ஆறு மாதத்தில் ஆறு சான்றிதழ், வேலை உறுதி’ என்பது அவர்கள் சொல். அன்னையாரின் சங்கிலி அடகுக்குச் சென்றது. ஆறு மாதம் கழிந்தபின் கிடைத்தவை, அந்நிலையத்தாரே அச்சிட்டுத் தந்த ஆறு வண்ணத் தாள்கள். எந்த விளம்பரத்திலும் அவற்றின் பெயர் இல்லை. வேலையும் இல்லை. அன்று முதல் தந்தையார் பல நாள் தமையனாருடன் பேசாதிருந்தார்.

இதனை இங்கு எழுதுவதற்கு அவரே இசைவு தந்தார். “இன்னொருவன் தாய் சங்கிலியாவது கழுத்திலே இருக்கட்டும்” என்றார். பணங் கட்டுமுன் வினவவேண்டியவை மூன்று: சான்றிதழை வழங்குவது பயிற்சி நிலையமா, பரீட்சை நடத்தும் சங்கமா? பரீட்சைக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்துள் அடங்குமா? பெற்ற சான்றிதழை, வேலை தருவோர் வழங்கிய சங்கத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்க இயலுமா? இவற்றிற்குத் தெளிவான விடை கிடையாத இடத்தை விட்டு அகலுதல் நலம்.

இரண்டாம் முறை அவர் திட்டம் வேறாயிருந்தது. வாரத்திற்குப் பத்து மணி நேரம் என்று கணக்கிட்டார். அவ்வாறாயின் ஆறு மாதத்தில் 260 மணி நேரம் கிடைக்கும். முதல் இரண்டு மாதம் கணினியின் அடிப்படையும் லினக்ஸும். அடுத்த ஆறு மாதம் வலையமைப்பு. அதன்பின் ஐந்து மாதம் பாதுகாப்பு. கடைசி ஐந்து மாதம் பயிற்சியும் விண்ணப்பமும். ஆகப் பதினெட்டு மாதம். ஒரு பரீட்சையிற் றேறுமுன் மற்றொன்றிற்குப் பணங் கட்டுவதில்லை என்பது விதி.

இவ்விதிக்கு வேறொரு காரணமும் உண்டு. சி.சி.என்.ஏ., செக்யூரிட்டி பிளஸ் ஆகிய இரண்டும் மூன்றாண்டிற்கு மட்டுமே செல்லும். பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும். வேலை கிடைக்குமுன் பல சான்றிதழ்களை ஒருங்கே குவித்தால், பயன்படுமுன்னரே அவற்றின் காலம் தேயும். சான்றிதழ் பெட்டியிற் பூட்டிவைக்கும் முத்து அன்று.

கற்றற்குரிய கருவிகள் பலவற்றிற்கு விலையில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் ஆசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் கொண்டு, கருவி ஒன்றும் வாங்காமலே திரையில் வலையமைப்பு அமைத்துப் பழகலாம். பொதிகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் இலவசமே. கழித்துப்போட்ட இரண்டு கணினிகளை வாங்கி, எங்கள் திண்ணையறையில் ஒரு சிறு வலையமைப்பு நிறுவினோம். மறைகுறியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு யான் அனுப்பிய கடவுச்சொல், வயர்ஷார்க்கின் திரையில் எழுத்தெழுத்தாய் வந்து நின்றது. பின்னர் மறைகுறியிட்டு அனுப்பினேன்; பொருளற்ற குறிகளே தோன்றின. மூன்று இரவு படித்தும் விளங்காத பாடம் அந்த ஒரு கணத்தில் இருவர்க்கும் விளங்கிற்று.

6. கயிறு பிடிப்பவர்

இறுதியாக ஒன்று கூறவேண்டும். பாட்டனார் கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்குச் சென்றபோது, அவர் உயிர் தோணியில் நின்று கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. கீழிருந்து கயிறு அசைந்ததும் அவர் இழுக்கவேண்டும். அவர் கண்ணயர்ந்தாலும் வஞ்சித்தாலும் குளித்தவன் மீளான். ஆதலின் கயிறு பிடிப்பவரைத் தேர்வதற்கு அவர் திறமையை மட்டும் பார்ப்பதில்லை. அவர் மெய்மையையும் பார்ப்பர் என்று பாட்டனார் கூறுவார்.

வலையமைப்பைக் காப்பவரும் கயிறு பிடிப்பவரே. மருத்துவமனையின் ஏடுகளும், வங்கியின் கணக்கும், துறைமுகத்தின் வாயிலும் அவர் கையில் உள்ளன. இத்தகைய தொழிலுக்குத் திருட்டுத்தனமாய்த் தகுதி தேடுதல் நகைக்கத்தக்க முரண்பாடு. வெளியான வினாக்களை மனப்பாடம் செய்வித்துத் தேறச் செய்வோம் என்று விலை கூறுவோர் உளர். அது பரீட்சையின் உடன்படிக்கைக்கு மாறானது. வெளிப்பட்டாற் சான்றிதழ் பறிக்கப்படும். வெளிப்படாவிட்டாலோ, இரவு இரண்டு மணிக்கு உண்மைத் தாக்குதல் வரும்போது, மனப்பாடம் செய்த விடை துணைநில்லாது.

அன்றியும், பழகுவதற்காகப் பிறர் கணினியைத் தொடுதல் குற்றம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, தீய நோக்கத்துடன் உரியவர் அனுமதியின்றிப் புகுதல் முதலிய செயல்களுக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. விளையாட்டாகச் செய்தேன் என்று வழக்காடும் நிலையும் வேண்டா. அப்படி ஒரு பெயர் எழுந்தாலே பின்னர் யார் நம்பிக் கயிற்றைக் கையில் தருவார்? தம் கணினியில், தாம் அமைத்த வலையமைப்பிற் பழகுதலே முறை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் வருவது இது: முதலிற் பாரைப் பார்க்க, பழைய தொழிலிற் கைவந்ததைக் கணக்கில் எடுக்க, வலையமைப்பை முதலிலும் பாதுகாப்பை அதன்பின்னும் பயில்க, ஒன்றைத் தேறிய பின்னரே மற்றொன்றை நாடுக, அனுபவம் வேண்டும் சான்றிதழை அனுபவம் வந்தபின் தேடுக. சான்றிதழ் திறமையைத் தருவதன்று. இருக்கும் திறமைக்குச் சான்று பகர்வது.

என் தமையனார் சி.சி.என்.ஏ. பரீட்சையில் தேறினார். செக்யூரிட்டி பிளஸ் பரீட்சையில் முதன்முறை தவறினார், கட்டணம் போயிற்று. ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. எட்டாம் நாள் இரவு, “எங்கே விட்டோம், தம்பி?” என்று கேட்டுக்கொண்டு வந்து அமர்ந்தார். இப்பொழுது அவர் வேலை செய்யும் கிடங்கிலேயே, வாரத்தில் இரண்டு இரவு கணினிப் பகுதியிற் பதிவேடுகளைப் பார்க்க அனுமதித்திருக்கின்றனர். அதற்கென ஊதியம் தனியே இல்லை. அன்னையாரின் சங்கிலி இன்னும் மீளவில்லை. தந்தையார் மட்டும், இரவில் நாங்கள் படிக்கும்போது வானொலியை நிறுத்திவிடுகிறார்.

நம் கலாசாலையிற் பயிலும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும், தொழில் மாற விரும்பியும் ஆங்கில நூலைக் கண்டு அஞ்சி நிற்பவர் இருக்கலாம். எந்தத் துறையில் நீங்கள் பயின்றாலும், இரவில் ஒரு மணி நேரம் அவருடன் அமர்ந்து அந்நூலைத் தமிழிற் சொல்லிப் பாருங்கள். பொதி, வாயில், முத்திரை, சாவி, காவல் என்று அதற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் முன்னரே உள்ளன. அவர் துறைபோகுங்கால் கயிற்றைப் பிடித்தவர் நீங்களாக இருப்பீர்கள்.